கூட வராதே, அக்கா

பிப்ரவரி 3

குட்டிக்கு,

கடிதம் எழுது என்றாய், எழுதுகிறேன். உறை வாங்கப் போனால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதெல்லாம் இப்ப யாருக்கும்மா?" என்று கேட்டுக்கொண்டே மேஜைக்கு அடியில் தலையை விட்டுத் தேடி, ஓரம் பழுப்பேறிய ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். என் தங்கை ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறாள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கோர்ட் விஷயம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றால் நானே பெட்டி கட்டிக் கொடுத்திருப்பேன். கூடவே வந்து, அறை பார்த்து, குழாயில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துக் குடிவைத்திருப்பேன். அதைத்தான் வேண்டாம் என்றாய். சொன்ன வார்த்தை இருக்கிறதே! "அக்கா, நீதான் என் மாத்திரை. அதனாலதான் உன்னை நிறுத்தணும்." அதையும் உன் அத்தான் எதிரில் சொன்னாய். அவர் அன்றைக்குத் தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

நானா மாத்திரை? கடை வரிசையில் நின்றபோது உனக்கு முதல் முறை வந்ததே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து "செத்துடுவேன் அக்கா" என்றாயே, அன்றைக்கு உன்னைத் தூக்கி நான் ஓட்டும் பள்ளி வேனில் போட்டு, பின் சீட்டில் பிள்ளைகளெல்லாம் வாயைப் பிளந்து பார்க்க, எமர்ஜென்சி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது யார்? ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, இது பேனிக் அட்டாக் என்றார்கள். நீ நம்பவில்லை. அப்புறமும் எத்தனையோ தடவை அதே வாசலுக்கு ஓடினோம். உன் பரீட்சை ஹாலுக்கு வெளியே உட்கார்ந்தேன். பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்தேன். உன் முதல் வேலையில் ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு உண்டே, அதில் எந்தக் கால் ஆடும் என்று அங்கே பெருக்குகிறவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாள் முகம் சுளித்தேனா? சரி, சுளித்திருப்பேன். வராமல் இருந்தேனா?

ஃபோன் கூடாதாம், கடிதம்தானாம். எந்த ஊர் வைத்தியம் இது? உன் புது டாக்டரம்மாவிடம் நான் கேட்டேன் என்று கேள்.

வேளைக்குச் சாப்பிடு. மாத்திரையை மறக்காதே. நிஜ மாத்திரையைச் சொல்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 10

அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன், நடந்துகொண்டு படித்தேன், துணி காயப்போடும்போது இன்னொரு முறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், வேறு ஒன்றும் கற்பனை பண்ணிக்கொள்ளாதே.

கடிதம் டாக்டரம்மாவின் யோசனை இல்லை, என்னுடையது. அவர் சொன்னது ஒன்றுதான்: "பயம் வரும்போது அக்காவைக் கூப்பிடாதீங்க." எனக்கு என்னைத் தெரியும். ஃபோனில் நீ இருந்தால் பயம் வராதபோதும் கூப்பிடுவேன், வந்துவிடுமோ என்று. கடிதம் உன் கைக்கு வர நாலைந்து நாளாகிறது. அதற்குள் எப்பேர்ப்பட்ட அட்டாக்கும் அடங்கிவிடும், நீ வந்து பிடித்துக்கொள்ள ஒன்றும் மிச்சம் இருக்காது.

இங்கேயும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான். குழாய்க்குள் அனுப்பும்முன் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரப்பர் பந்தைக் கொடுப்போம் இல்லையா, பயமாக இருந்தால் அழுத்துங்கள், உடனே வெளியே எடுத்துவிடுகிறோம் என்று? முக்கால்வாசிப் பேர் அழுத்தவே மாட்டார்கள். பந்து கையில் இருந்தாலே அவர்களுக்குப் போதும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில், "ரொம்ப நல்லா படுத்திருக்கீங்க, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்பேன். அந்தக் குரலை நீ கேட்டால் சிரிப்பாய். எனக்குப் பந்து நீதான். அதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் வேலை முடிந்ததும் பந்தைக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் பதினோரு வருஷமாகக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

டாக்டரம்மா என்னைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிவிடுகிறார். ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொல்கிறார். படியில் ஓடச் சொல்கிறார். தலை சுற்றினால் அது வெறும் தலைசுற்றல்தான், சாவு இல்லை என்று உடம்புக்குப் புரிய வேண்டுமாம். வீட்டிலும் தினம் செய்ய வேண்டும். கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றால் கூரையை இடிக்கிறார்.

என் அறையிலிருந்து மருத்துவமனைக்குச் சுரங்க ரயிலில்தான் போக வேண்டும். அது ஆற்றுக்கு அடியில் போகிறது. அந்த நீளத்துக்கு நடுவில் ஸ்டேஷன் கிடையாது, நினைத்தால் இறங்க முடியாது. முதலில் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போனேன். காலை ஷிப்ட் ஆரம்பித்தால் பஸ் உதவாது. முதல் ஆறு மாதம் என்னை வைத்துப் பார்ப்பார்கள், அப்புறம்தான் வேலை நிரந்தரம். ரயிலில் போக முடியாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் திரும்ப உன் வேனில் முன் சீட். அதனால் போன வியாழக்கிழமையிலிருந்து ரயிலில் போகிறேன், தனியாக. இந்த வார்த்தையை எழுதினாலே கை வேர்க்கிறது.

என் பையின் உள்ஜிப்பில் நீ ஒளித்து வைத்த அவசர மாத்திரையைக் கண்டுபிடித்தேன். டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபப்படாதே.

உன் தங்கை


பிப்ரவரி 24

குட்டிக்கு,

மாத்திரையைக் கொடுத்துவிட்டாயா? கொடு, கொடு, எல்லாவற்றையும் எடுத்து அந்த அம்மாவிடமே கொடு. வயது வந்த பெண்ணை நாற்காலியில் வைத்துச் சுற்றுவதற்குப் படித்துப் பட்டம் வேறு வாங்கியிருக்கிறார்! இங்கே என் வேனில் வரும் பிள்ளைகள் தினமும் அதைச் சும்மாவே செய்கிறார்கள். சுற்றிவிட்டு வாந்தியும் எடுக்கிறார்கள்.

பந்து என்று எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்றேன். உன் அத்தான் வந்து, "என்ன ஆச்சு?" என்றார். "வெங்காயம்" என்றேன். வெட்டிக்கொண்டிருந்தது வெள்ளரிக்காய்.

நன்றாகத்தான் போகிறாய். செவ்வாய்க்கிழமை ஆற்றுக்கு முந்தின ஸ்டேஷனில் இறங்கி அவ்வளவு நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாயே, அதற்கெல்லாம் மனசு விட்டுவிடாதே. அடுத்த வண்டியில் ஏறிப் போனாய் இல்லையா, அது போதும். அந்தப் பச்சை ஸ்வெட்டர் மெல்லிசு, காலைக் குளிருக்குத் தாங்காது, தடியாக ஒன்று வாங்கிக்கொள்.

எனக்கு ஒன்றும் இல்லை. சாயங்காலம்தான் பொழுது போகமாட்டேன் என்கிறது. உன்னைக் கூட்டிக்கொண்டு வரும் நேரத்துக்குச் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விடுகிறேன். நேற்று அப்படியே போய் வேனைக் கழுவினேன், முந்தாநாளும் கழுவினேன்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

செவ்வாய்க்கிழமை நான் இறங்கி உட்கார்ந்ததை உனக்கு எழுதவில்லை. டாக்டரம்மாவிடம்கூட அதுவரை சொல்லவில்லை. பச்சை ஸ்வெட்டர் இங்கே வந்து வாங்கியது, நீ அதைப் பார்த்ததே இல்லை.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் ரயிலில் தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பயந்தவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை அக்கா, தரையையே பார்ப்போம். அதனால்தான் இத்தனை நாளும் கண்ணில் படவில்லை. எதிர்ச் சீட்டில் ஒரு தொப்பிக்காரர், மடியில் குறுக்கெழுத்துக் கட்டம். ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை.

"நீங்க எங்க இறங்கணும்?" என்று கேட்டேன்.

"நீ இறங்குற... அதாவது, ஆஸ்பத்திரி ஸ்டேஷன்மா."

"அங்க உங்களுக்கு என்ன வேலை?"

பேப்பரை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். "தப்பா எடுத்துக்காதே பாப்பா. உங்க அக்காகூட வேன் ஓட்டுறான் பாரு, அவன் அண்ணன் நான். ரிட்டயர் ஆகி இந்த ஊர்ல சும்மாதானே இருக்கேன்னு அவங்க கேட்டாங்க. நீ நல்லாத்தான் போறே. நானும் அப்படித்தான் சொல்லிட்டு இருக்கேன்."

அடுத்த ஸ்டேஷனில் இறங்கினேன். படியேறி வெளியே போக முடியவில்லை. விரல் மரத்து, காது அடைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். அதன் மூடியைப் பாதி திருகித் தயாராக வைத்திருந்தார். என் கை நடுங்கும்போது மூடி திறக்க வராது என்று உன் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த மனிதருக்குப் பாடம் எடுத்திருக்கிறாய்.

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. டாக்டரம்மா, "அவர் இருக்கார்னே உங்களுக்குத் தெரியாதே. அப்புறம் எப்படி அவர் உதவி பண்ணியிருப்பார்? நீங்களாத்தான் போயிருக்கீங்க" என்றார். நியாயம்தான். ஆனால் எனக்கு ஆறவில்லை. என் வாழ்க்கையில் நானாகச் செய்த ஒரே காரியம் என்று நினைத்து ராத்திரி படுக்கும்போது எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அதிலும் உன் கை இருந்திருக்கிறது.

கொஞ்ச நாள் எழுதாதே.


மார்ச் 9

குட்டிக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க எனக்கு வரவில்லை.

ஆமாம், நான்தான் அனுப்பினேன். அவரைத் திட்டாதே, பாவம், நல்ல மனுஷர். நிறுத்தச் சொல்லிவிட்டேன். தன் தம்பியிடம் சொல்லி மூக்கால் அழுதாராம், அந்தப் பொண்ணு என்னைத் திருடன் மாதிரி பார்த்துச்சு என்று.

உனக்கு ஒன்று தெரியாது. நீ ரயில் ஏறும் நேரமும் நான் பிள்ளைகளை ஏற்றும் நேரமும் ஒன்று. நீ தனியாக ரயிலில் போகிறாய் என்று கடிதம் வந்ததே, அதற்கு மறுநாள் காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கை வேர்த்து வழுக்கியது. வேனை ஓரம்கட்டினேன். கடைசி சீட்டு வாலு ஒன்று, "ஆன்ட்டி, பெட்ரோல் தீந்துடுச்சா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். நெஞ்சு அடித்த அடி அப்படி. அன்றைக்குச் சாயங்காலம்தான் தொப்பிக்காரரிடம் பேசினேன். அவர் தினம் காலையில் "இறங்கிட்டா" என்று ஒரு வார்த்தை அனுப்புவார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். உனக்காக அனுப்பினேன் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அத்தான் கேட்டார், "அவளுக்கு வைத்தியம் பாக்குறாங்க. உனக்கு யாரு பாக்குறது?" இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வரமாட்டேன் என்கிறது. செய்தது தப்பு என்று தெரிகிறது. ஆனால் கேட்க உட்கார்ந்தால், இப்போது எந்த ஸ்டேஷனில் இருப்பாய் என்றுதான் மனசு ஓடுகிறது.

அக்கா


மார்ச் 30

எழுது. திட்டியாவது எழுது.


ஏப்ரல் 20

அக்கா,

நடந்து முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆனதைத்தான் எழுதுகிறேன். வேண்டுமென்றேதான் ஆறப்போட்டேன்.

ரயில் ஆற்றுக்கு அடியில் நின்றுவிட்டது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒலிபெருக்கியில் யாரோ தொண்டையைச் செருமிவிட்டு ஒன்றும் சொல்லாமலே வைத்துவிட்டார்கள். எனக்கு வந்துவிட்டது. முதலில் உள்ளங்கை, அப்புறம் கழுத்து, அப்புறம் யாரோ நெஞ்சில் முட்டியை வைத்து அழுத்துகிற பாரம். இந்த முறை நிஜமாகவே சாகிறேன் என்று தோன்றியது. ஒவ்வொரு முறையும் 'இந்த முறை நிஜமாகவே' என்றுதான் தோன்றும், உனக்கே தெரியும். கண் தானாகத் தொப்பியைத் தேடியது. இல்லை. ஃபோனை எடுத்தேன். சிக்னல் இல்லை. இருந்திருந்தால் உன்னைக் கூப்பிட்டிருப்பேன், மறைக்க மாட்டேன்.

அதோடு சண்டை போடாதே, ஓடவும் ஓடாதே என்பார் டாக்டரம்மா. அந்த அறையில் உட்கார்ந்து கேட்கச் சுலபம். "சரி, வா. என்ன பண்ணுவியோ பண்ணிக்கோ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கைப்பையை இறுக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

அது ஏறியது. இன்னும் ஏறியது. தாங்காது என்ற இடத்தையும் தாண்டி ஏறியது. அப்புறம், நான் எதுவும் செய்யாமல், இறங்க ஆரம்பித்தது. ரயில் அசையவில்லை, கதவு திறக்கவில்லை, யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. ஆனாலும் இறங்கியது. இத்தனை வருஷத்தில் அது தானாக இறங்கி நான் பார்த்ததே இல்லை அக்கா. அதற்கு முன்னால் நீ வந்துவிடுவாய்.

வேலைக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு ஒருவரைக் குழாய்க்குள் அனுப்பினேன். மைக்கில் என் குரல் கரகரத்தது. "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அவர் உள்ளே இருந்து கேட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அடுத்த வாரம் ரயில் நிற்கக்கூட இல்லை, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, திரும்ப வந்தது. ஆற்றுக்கு முந்தின ஸ்டேஷனில் இறங்கி அழுதுவிட்டு பஸ்ஸில் போனேன். தாமதம். மேற்பார்வையாளர் எழுதிவைத்துக்கொண்டார், இன்னொரு முறை ஆனால் வேலை நிரந்தரமாவது சந்தேகம்தான் என்றார். "எப்ப முழுசாப் போகும்?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். வரும், போகும். நடுவுல ரொம்ப நாள் வராமலும் இருக்கும்" என்றார். மாத்திரை இன்னும் ஒரு வருஷமாவது வேண்டும். அப்புறம் அவர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார், நானாக நிறுத்தக் கூடாதாம். மறுநாள் ரயிலில்தான் போனேன். இன்றும் போனேன். நாளையைப் பற்றித் தெரியாது.

உன் மார்ச் மாதக் கடிதத்தை நிறைய முறை படித்தேன். வேனை ஓரம்கட்டினாய் என்ற இடத்தில் எனக்குக் கோபம் போய்விட்டது. உனக்கும் இது இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. நான் நோயாளி, நீ தெம்பானவள், நம் வீட்டில் அப்படித்தானே பங்கு பிரித்திருந்தோம்.

இதைப் படித்ததும் நீ கிளம்பப் பார்ப்பாய். வராதே என்று இந்த முறை சொல்ல மாட்டேன். நீ வந்தால் கட்டிக்கொண்டு அழுவேன். மறுநாள் காலையில் "ஸ்டேஷன் வரைக்கும் வா அக்கா" என்பேன். அதற்கு மறுநாள் ரயிலிலும் கூட வா என்பேன். அதுதான் எனக்குப் பயம். ஆற்றை நினைத்துக்கூட இவ்வளவு பயம் இல்லை.

குட்டி


மே 1

குட்டிக்கு,

உன் கடிதத்தை வேனிலேயே பிரித்தேன். வீட்டுக்குள் போய்ப் படிக்கும் பொறுமை எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

பாதி படிக்கும்போதே பை கட்டியாகிவிட்டது. உன் அத்தான் தடுப்பார் என்று பார்த்தேன். அவர் என் செருப்பை எடுத்து வாசலில் நேராக வைத்தார். எந்த நேரத்தில் எதைச் செய்வது என்று அந்த மனுஷனுக்குத் தெரியவே தெரியாது. வேனை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டேன். பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பினேன். காற்றுப் பிடிக்கிற இடத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு மிச்சத்தையும் படித்தேன்.

'அதற்கு முன்னால் நீ வந்துவிடுவாய்' என்று எழுதியிருக்கிறாயே. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு வண்டியை எடுத்திருப்பேன். இதற்கு என்ன செய்வது? எனக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, அப்புறம் வேன் ஓரம்கட்டிய அன்றைக்கு வந்ததே, அதுவும் வந்தது. கை வழுக்கியது. என் பிள்ளை மாதிரி நான் வளர்த்தவள் அங்கே தனியாக இருக்கிறாள், ஏதாவது ஆகிவிடும், இப்போதே போ, போ என்று உடம்பு முழுக்கக் கத்துகிறது. காற்றுப் பிடிக்கும் பையன் கண்ணாடியைத் தட்டி, "அம்மா, டயரா?" என்றான். கையை ஆட்டி அனுப்பிவிட்டேன்.

நீ எழுதியபடி உட்கார்ந்திருந்தேன். இறங்குகிறதா பார்க்கலாம் என்று. எனக்கு அவ்வளவு சீக்கிரம் இறங்கவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனார். கடைசியில் இறங்கியது, முழுசாக இல்லை, வண்டி ஓட்டும் அளவுக்கு.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பையைப் பிரிக்கவில்லை, பிரிக்கச் சொல்லாதே. அத்தான் ஒரு டாக்டரிடம் எனக்கு நேரம் வாங்கியிருக்கிறார். போவேனா என்று தெரியாது. போகலாம் என்றுதான் இருக்கிறேன்.

நான் வரவில்லை குட்டி. உனக்காக இத்தனை வருஷம் எங்கெங்கோ வந்திருக்கிறேன், எதற்கும் இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. இன்றைக்கு வரவில்லை, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். இந்தக் கடிதம் வந்து சேரும்முன் நானே வந்து நின்றாலும் நிற்பேன். அப்படி வந்தால் கதவைத் திறக்காதே. நான் எவ்வளவு தட்டினாலும், என்ன சொல்லி அழுதாலும், திறக்காதே.

அக்கா